மேளம் இல்லாத ஆல்பம்

இன்று காலை கடைக்கு வந்த ஒரு அம்மாவிடமிருந்து ஜவ்வாது வாசனை அடித்தது. நீ காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவிக்கொண்டு வருவாயே, அதே சின்ன டப்பா ஜவ்வாது. திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். வேங்கிக்காலில் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தன் தங்கையின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க வேண்டுமாம். "எங்கூடயே இருந்தா. கல்யாணம் காட்சி ஒண்ணும் பண்ணிக்கல. பங்குனியில போயிட்டா. ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்துட்டேன், இன்னும் எடுக்கல" என்றார்.

'எனது தங்கை இறந்துவிட்டபடியால், மேற்படி குடும்ப அட்டையிலிருந்து அவரது பெயரை நீக்கித் தருமாறு' என்று அடித்தேன். விரல் எங்கும் தடுக்கவில்லை. எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த வரி. உனக்காக அதே விஷயத்தை அடிக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. போன வியாழக்கிழமைதான் அடித்தேன். அதுவும் நானாக மனது வந்து அடிக்கவில்லை, கையும் களவுமாக மாட்டிக்கொண்டு அடித்தேன். அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நம்ம ஆள் புது ஆல்பம் போட்டிருக்கிறான். நாம் அவனை ஒருநாளும் பெயர் சொல்லிப் பேசியதில்லை, 'நம்ம ஆள்' என்றால் போதும். நம் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கும் பெரிய மேளத்தோடு கம்ப்யூட்டர் சத்தத்தைக் குழைத்துப் பாட்டாக்கி, மெட்ராஸ் வரை போனவன். கீழ்பென்னாத்தூரிலிருந்து நாம் காலேஜுக்குப் பஸ்ஸில் வந்த மூன்று வருஷமும் அவன் பாட்டுத்தான் வழித்துணை. இருந்தது உன்னுடைய ஒரே போன், ஒரே இயர்போன். இடது பக்கத்து முனை உனக்கு, வலது பக்கத்து முனை எனக்கு. யார் அப்படிப் பிரித்தது என்று நினைவில்லை, ஆனால் ஒருநாளும் மாறியதில்லை.

கல்யாணமாகி எனக்கென்று ஒரு போன் வந்த பிறகு, முதல் தடவையாக இரண்டு காதிலும் வைத்துக் கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது. ஆரம்பத்தில் அவன் வீட்டிலேயே பதிவு செய்த பாட்டுகளில் மேளம் முழுக்க இடது பக்கம் இருந்தது. குரலும் கீபோர்டும் வலது பக்கம். நான் மூன்று வருஷமாகக் கேட்டது மேளம் இல்லாத பாட்டு. உடனே உனக்குப் போன் போட்டேன். "அப்ப இத்தினி வருஷம் எதுக்குடி தலையாட்டின?" என்று கேட்டு, பேச முடியாமல் சிரித்தாய். யோசித்துப் பார்த்தால், முன் சீட்டுக் கம்பியில் உன் விரல் அடித்துக்கொண்டே வரும். நான் அதைப் பார்த்துத்தான் ஆட்டியிருக்கிறேன்.

நெட்டில் நம் பக்கத்தை ஆரம்பித்த கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. நம்ம ஆள் டவுனில் கச்சேரி வைத்தபோது நீ லாட்ஜ் வரவேற்பு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாய். கூட்டத்தில் நசுங்கி நின்றோம். மூன்றாவது பாட்டில் உனக்குப் பொறுக்கவில்லை. சவுண்ட் பெட்டிக்காரர்கள் பக்கம் திரும்பி, "மேளம் கம்மி" என்று கத்தினாய். அவர்கள் காதில் விழவில்லை. மறுபடி கத்தினாய். மேடையிலிருந்த அவனே திரும்பிப் பார்த்தான், கையைத் தூக்கி ஏதோ சாடை காட்டினான், மேளம் ஏறியது. "ம், இப்ப சரியா இருக்குது" என்று நீ சொன்னது, குழம்பில் உப்பு பார்த்துச் சொல்வது மாதிரியே இருந்தது.

அதற்கடுத்த வாரம், அந்தக் கச்சேரிக் கதையையே முதல் பதிவாகப் போட்டுப் பக்கத்தை ஆரம்பித்தோம். உன் வேலையில் கை ஓயாது, பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அதனால் நீ சொல்வாய், நான் அடிப்பேன். லாட்ஜிலிருந்து போன் போட்டு, ஒரு பாட்டுக்கு ஒரு வரி. 'குரல் ஜாஸ்தி, பாட்டு கம்மி.' 'அழுகை ஜாஸ்தி, நியாயம் கம்மி.' நான் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் கண்டுபிடித்துத் திட்டுவாய். உன் பெயரும் கிடையாது, படமும் கிடையாது. படிக்கிறவர்கள் தாங்களாகவே உனக்கு மேளக்கா என்று பெயர் வைத்தார்கள். போளூரிலிருந்து துபாய் வரை ஆட்கள் சேர்ந்தார்கள். புதுப் பாட்டு வந்தால், நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மேளக்கா, கம்மியா, ஜாஸ்தியா என்றுதான் கேட்பார்கள். நான் அடித்தேன் என்பது ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. மனு அடிப்பவளுக்கு 'நான்' என்கிற சொல் எப்போதும் இன்னொருவருடையது.

நான்கு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். நீ போன மூன்றாம் நாள் பக்கத்தில் ஒருவர் ஏதோ பழைய பாட்டைப் போட்டு, 'மேளக்கா, இது எப்படி?' என்று கேட்டிருந்தார். நீ அதைப் பற்றி என்னிடம் முன்பே சொல்லியிருந்தாய். சொன்னதை அப்படியே அடித்தேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை, பாக்கியிருந்த டிக்டேஷன் மாதிரித்தான் இருந்தது. ஒன்று, இரண்டு, பத்து என்று போனது. நீ சொல்லாமல் விட்டதையும் நீ என்ன சொல்வாய் என்று யோசித்து அடித்தேன். தப்பாகவில்லை. 'மேளக்கா இப்பல்லாம் முன்னவிட காரம்' என்று ஒருவர் எழுதினார். அதைப் படித்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. திட்டாதே. அந்தப் பக்கத்தில் மட்டும் நீ இன்னும் சாகவில்லை. என்னால் அதை மூட முடியவில்லை, திறந்து வைக்கவும் முடியவில்லை, உள்ளே உட்கார்ந்துகொண்டு உன் குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் இந்த ஆல்பம் வந்தது. ஒன்பது பாட்டு. ஒன்றிலும் மேளம் கிடையாது. ஒரு தட்டுகூட இல்லை. நீளமான ஒரு கீபோர்டு இழுப்பு, அதற்குள் அவன் குரல், எங்கோ தூரத்தில் ஒரு நாயனம், அவ்வளவுதான். உனக்கு என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்திருந்தது. முதல் தடவை கேட்டபோதே பழகிய பாட்டு மாதிரி இருந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

பக்கத்தில் அன்றே சண்டை மூண்டது. போளூர் மெக்கானிக் இருக்கிறாரே, உன் சிஷ்யர், 'வண்டி ஓட்டிக்கினு கேட்டேன், கொட்டாவி வந்து மரத்துல மோதப் பாத்தேன்' என்று போட்டார். துபாயில் இருக்கும் நர்ஸ், 'ரெண்டாவது பாட்டுல உக்காந்து அழுதுட்டேன், இது மாதிரி அவன் செஞ்சதே இல்ல' என்றாள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு யோகா சொல்லித்தரும் ஒருவர், தியானத்துக்கு மிகவும் உகந்தது என்று எழுதிவைத்தார். அது போதாதா? பாராட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டே எதிர்க்கட்சிக்குப் போனார்கள்.

சிரிப்பெல்லாம் அதோடு நின்றது. செங்கம் பக்கத்தில் பெரிய மேளம் அடிக்கும் ஒருவர், அவன் முதல் ஆல்பத்தில் அடித்த செட்டைச் சேர்ந்தவர், நீண்டநாளாக நம் பக்கத்தில் இருப்பவர், இப்படி எழுதினார்: 'எங்க மேளத்து மேல ஏறி நின்னுதான் அவன் ஊருக்குத் தெரிஞ்சான். இப்ப நல்ல எடத்துல பாடணும்னா மேளம் இருக்கக் கூடாது. சாவு மேளம்னு மூக்கப் பொத்தறவங்களுக்குப் பிடிக்கிற மாதிரி பண்ணிட்டான்.' அதற்குக் கீழே தண்டராம்பட்டில் காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி பதில் போட்டாள்: 'அண்ணா, நாம அடிச்சாதான் கேப்பாங்களா? நம்ம ஆளு ஒருத்தன் மெதுவா பாடக் கூடாதா? அதுக்கும் யார்கிட்ட பர்மிசன் வாங்கணும்?' இரண்டு பேரும் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நீ இருந்தால் இந்த இடத்தில் என்னை ஒரு முறை முறைத்திருப்பாய்.

இரண்டு கட்சியும் உன் பழைய வரிகளைத் தோண்டி எடுத்து வந்து ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். கடைசியில் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். அதாவது, உன்னிடம். மேளக்கா, நீங்க சொல்லுங்க, கம்மியா, ஜாஸ்தியா. நான்கு நாள் வாய் திறக்கவில்லை. நீ என்ன சொல்வாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை அடித்தால் நான் பொய் சொல்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது என்று அடித்தால் உன் வாயில் நான் பேசுகிறேன். நீ செத்துவிட்டாய் என்று அடித்தால் நீ செத்துவிடுவாய்.

கடையில் மதியம் ஆள் இல்லாத நேரத்தில் மறுபடி கேட்டுப் பார்த்தேன். நடுவில் யாரோ ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வந்தார்கள் என்று இடது காதில் இருந்ததை எடுத்தேன். பாட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது நான் பஸ்ஸில் கேட்ட பாட்டு. உன் காதில் இருந்ததை எடுத்துவிட்டு, என் காதில் இருந்ததை மட்டும் ஆல்பமாகப் போட்டிருக்கிறான். இதில் உன் பக்கம் இல்லை. ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன், "இன்னா மேடம், ரிப்பேரா?" என்று வந்தவர் கேட்கும்வரை.

வியாழக்கிழமை அந்த செங்கம் மேளக்காரர் தனியாகச் செய்தி அனுப்பினார். 'அக்கா, அவன் உங்க பேச்சக் கேப்பான். அன்னிக்குக் கச்சேரியில கேட்டான் இல்ல. நீங்க எங்க பக்கம்தான்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்த எழுதுங்க.' இதற்கு மேல் இழுத்தடிக்க முடியாது என்று தோன்றியது. உனக்குப் பதிலாக உன் முடிவைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று நினைத்தேன். அன்று காலையிலிருந்து குடிநீர், பட்டா, முதியோர் பென்ஷன் என்று வரிசையாக மனு அடித்த கை. அவருக்கு அடித்து அனுப்பியும்விட்டேன்.

'மேளம் குறைவாக உள்ளது.'

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அதை அழிப்பதற்குள் அவர் படித்துவிட்டார். பதில் வந்தது. 'எங்க அக்கா ஒருநாளும் குறைவுன்னு எழுதினது கெடையாது. யாருங்க நீங்க?'

பயமாக இருந்தது, ஒரு பக்கம் அப்பாடா என்றும் இருந்தது. அவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நான் உன் சிநேகிதி, நீ சொல்ல நான் அடித்தவள், நீ போன வருஷம் ஆடியிலேயே போய்விட்டாய், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் என் கைவேலை என்று. 'எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. நான் சொல்றது நல்லா இருக்காது' என்று மட்டும் போட்டார்.

பக்கத்தில் போடுவதற்கு உட்கார்ந்தால், முதலில் 'மேற்படி பக்கத்தை நடத்திவந்தவர்' என்று வருகிறது. அழித்தேன். நீ போனில் சொன்னால் எப்படிச் சொல்வாயோ அப்படி வருகிறது. அதையும் அழித்தேன். கடைசியில் எனக்கு எப்படி வந்ததோ அப்படிப் போட்டேன். 'மேளக்கா போன வருஷம் ஆடியிலயே செத்துட்டா. இத்தன நாள் எழுதினது நான், அவ சிநேகிதி. மன்னிச்சுடுங்க. அவ இருந்திருந்தா இந்த ஆல்பம் பிடிச்சிருக்காது. எனக்குப் பிடிச்சிருக்குது.'

ஒரு மணி நேரம் எல்லாரும் அழுதார்கள். துபாய் நர்ஸ் குரல் பதிவே அனுப்பினாள், முதல் பாதி அழுகை, இரண்டாம் பாதி என்னைத் திட்டு. வாங்கிக்கொண்டேன். இரண்டு பேர் ஏமாற்றுக்காரி என்று எழுதிவிட்டு வெளியேறினார்கள். பிறகு போளூர் மெக்கானிக், 'அக்கா இருந்திருந்தா இத கம்மின்னுதான் சொல்லியிருக்கும்னு இப்ப உறுதியாச்சு' என்று ஆரம்பித்தார். தண்டராம்பட்டுப் பெண், 'அவங்க சிநேகிதிக்கே பிடிச்சிருக்குதே' என்றாள். மறுபடி மூண்டுவிட்டது. நீ செத்த சேதி வந்த அன்றைக்கே இப்படிச் சண்டை போடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்கு வந்திருக்காது. நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ரசித்திருப்பாய்.

இதோடு முடிந்தது, இனிமேல் எனக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மேளக்காரர் மறுபடி எழுதியிருந்தார். 'எங்க செட்டுப் பசங்க கேக்கறாங்க. அக்கா சாவுக்கு அடிச்சது எந்த செட்டு?'

மேளம் இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. எந்த செட்டு என்றுதான் கேட்டார்.

உன்னிடம் இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிக்கொண்டு வந்தேன். உன் மாமியார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். புது மனைப் பிரிவு, எதிர் வரிசை முழுக்க ஆபீசர்கள் வீடு. உன் மாமியார், "இந்த ஏரியாவுல மேளம் கீளம்லாம் யாரும் வைக்கறது இல்ல. சங்கு ஊதினா போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். கண் வீங்கியிருந்தது. "அவளுக்கு ஏதாவது ஆச இருந்துச்சாங்க? உங்ககிட்ட சொல்லியிருப்பா" என்று கேட்டார். அவர் மனசாரக் கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாயை எதிர்த்துக்கொண்டாவது வைத்திருப்பார்.

எனக்குத் தெரியாதா என்ன? ஒருநாள் பஸ் ஒரு சாவு ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. காலேஜுக்கு நேரமாகிறது என்று எல்லாரும் புலம்பினார்கள். நீ ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கேட்டாய். "நான் போறப்ப இதவிட ஜாஸ்தியா அடிக்கணும். கம்மியா இருந்துச்சுன்னா எழுந்து உக்காந்துக்குவேன், பாத்துக்கோ" என்றாய். பாத்துக்கோ என்று நீ சொன்னது என்னிடம்தான்.

பந்தலில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேளம் என்று வாய்விட்டுச் சொன்னால் இவள் எந்த ஆள், எந்தத் தெரு என்று யோசிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். "அப்பிடி ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சங்கை மட்டும் ஊதி உன்னை வண்டியில் ஏற்றினார்கள். நான் தெருமுனை வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் பொம்பளைகளை விடவில்லை.

மேளக்காரருக்கு இதை அப்படியே எழுதினேன். என்னிடம் கேட்டார்கள் என்பதையும், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் ஏதோ அடிக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி அடிக்கிறார் என்று காட்டியது. நல்லா நாலு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் வந்தது, 'சரிங்க.' அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை, ஆல்பத்தைப் பற்றியும் எழுதவில்லை.

அந்தச் 'சரிங்க'வை நாலு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். மனுவைக் கொடுத்தால் ஒரு ரசீதாவது தருவார்கள், எந்த மேஜையில் கிடக்கிறது என்று போய்க் கேட்கலாம். இதை எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை. மன்னித்தாரா, இவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாரா? நீ இருந்தால் அந்த ஒரு சொல்லைப் படித்ததும் சொல்லிவிடுவாய்.

ஆல்பத்தைத் தினமும் கேட்கிறேன். இப்போதும் பிடித்துத்தான் இருக்கிறது. உன்னை மேளம் இல்லாமல் அனுப்பிவைத்தவளுக்கு இது பிடிக்காமல் என்ன செய்யும் என்று கடைசிப் பாட்டு ஓடும்போது நினைப்பு வரும், அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவேன். ஒன்பதாவது பாட்டை நான் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை.